கஷ்டம் எங்கே என்று கேட்டவர்

இன்றைக்கும் நான் பல் தேய்ப்பது ஒரு பழுப்பு நிறப் பற்பசையில்தான். வாயில் வைத்தால் ஈர மண்ணையும் கற்பூரத்தையும் சேர்த்து மென்ற மாதிரி இருக்கும். பிடித்துப்போய்த் தேய்க்கவில்லை. தீரவில்லை, அதனால் தேய்க்கிறேன். கட்டிலுக்கு அடியில் இன்னும் பெட்டிகள் கிடக்கின்றன. மூலிகைப் பவுடர், முட்டிவலித் தைலம், எதற்கு என்று கம்பெனிக்கே தெரியாத ஒரு மாத்திரை. யாரோ ஏமாற்றி இவற்றை என் தலையில் கட்டினார்கள் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. உண்மை என்னவென்றால், கட்டுவதற்கு வாகாக இருக்கட்டும் என்று நானே குனிந்து கொடுத்தேன்.

இத்தனைக்கும் ஆள் பிடிக்கும் வியாபாரத்தைக் கிண்டல் செய்து கட்டுரை எழுதியவன் நான். ஒருவர் இருவரைச் சேர்த்து, அந்த இருவர் நால்வரைச் சேர்த்து, கடைசியில் நாட்டில் ஏழையே இல்லாமல் போய்விடும் அந்தக் கணக்கைப் பற்றி ஒரு மாத இதழில் எழுதினேன். ஆரணியில் அந்த இதழை வாங்குகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். கட்டுரை வந்த மாதம், நான் நூலகராக இருக்கும் பொறியியல் கல்லூரிக்கு ஒரு அம்மாள் தேடி வந்தார். புத்தகம் கேட்டு யாரும் வராத நூலகம் அது. அதனால்தான் எல்லாவற்றையும் நானே படிக்க வேண்டியதாயிற்று.

"சார், நீங்கதானே அதை எழுதினது? சிரிச்சு சிரிச்சு வயிறு புண்ணாயிடுச்சு சார்" என்றார் அவர்.

கிண்டல் செய்யப்பட்ட தரப்பைச் சேர்ந்தவர் அவர். ஆனாலும் இத்தனை வருட எழுத்தில் என்னைத் தேடி வந்த முதல் வாசகர். அன்று மாலையே அவருடைய கம்பெனியில் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்துவிட்டேன். அவர் தலைப்பைத் தாண்டிப் படிக்கவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. தலைப்பும் என்னுடையதல்ல, பத்திரிகை ஆசிரியர் வைத்தது.

ஊரில் அவரைக் கோல்டு அக்கா என்பார்கள். அந்தக் கம்பெனியில் சில்வர், கோல்டு, டைமண்டு என்று படிகள் உண்டு. அவர் நான் பார்த்த காலமெல்லாம் கோல்டிலேயே நின்றார். வயதில் என்னைவிட இளையவர். ஆனாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவரை வேறு மாதிரி கூப்பிட வாய் வராது. மே மாத வெயிலிலும் பட்டுப் புடவை, கழுத்தைச் சுற்றி ஈரக் கைக்குட்டை, கையில் எப்போதும் ஸ்பீக்கரில் பேசும் போன். இப்போது அவர் ஊரில் இல்லை. கம்பெனியும் இல்லை. பற்பசை மட்டும் இருக்கிறது.

அவர் வாயில் ஓயாமல் வரும் வார்த்தை ஒன்று உண்டு. யார் எதைச் சொன்னாலும் பாதியில் கையை உயர்த்துவார்.

"அது கிடக்கட்டும். கஷ்டம் எங்கங்க?"

டீக்கடைக்காரர் பால் விலை ஏறியதைச் சொன்னாலும் இதுதான். ஆட்டோக்காரர் மகன் பாஸ் பண்ணியதைச் சொன்னாலும் இதுதான். எல்லாக் கதையிலும் எங்கோ ஒரு கஷ்டம் ஒளிந்திருக்கிறது, சொல்கிறவர் அதைச் சரியாகப் பிரித்துக் காட்டத் தெரியாமல் சொதப்புகிறார் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. எந்தக் கதையையும் இருக்கிறபடி விட்டுவைக்க அவரால் முடியாது. சிலருக்குச் சுவரில் படம் சாய்ந்திருந்தால் நேராக்காமல் போக முடியாதே, அந்த மாதிரி.

முன்பு அவர் பட்டுக்கடை ஒன்றில் மெத்தையில் உட்கார்ந்து புடவை பிரித்துக் காட்டும் வேலையில் இருந்தவர். பயிற்சிக் கூட்டங்களில் பாடமே அதிலிருந்துதான் வரும்.

"புடவையை எப்படிங்க காட்டணும்? எடுத்தவொடனே முந்தானையை விரிச்சுப் போட்டா, பார்ப்பாங்க, நல்லாருக்குதும்பாங்க, அடுத்ததைக் கேப்பாங்க. மொதல்ல உடம்பைக் காட்டு. அப்புறம் கரையைக் காட்டு. கையால தடவிகினே இரு. அவங்களே 'முந்தி எப்படிம்மா இருக்கும்'னு கேக்கணும். கேட்டப்புறம் விரி. அவ்ளோதான், பில் போடு."

கதையும் அப்படித்தான், எதிரில் இருப்பவர் தானாகக் கேட்கும் வரை கஷ்டத்தை மடிப்பிலேயே வைத்திருக்க வேண்டும். பவுடர் பற்றி வாயே திறக்கக் கூடாது. அது பில் போடும்போது தானாக வரும்.

அவரைக் கண்டு எனக்கு முதலில் பயம் வந்தது ஒரு சாவு வீட்டில். எங்கள் தெருவில் ஒருவர் திடீரென்று போய்விட்டார். துக்கம் கேட்க வந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவர் மனைவி ஒரே மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். "தண்ணி குடுன்னாரு. எடுத்துகினு வர்றதுக்குள்ள போயிட்டாரு. காலைல நல்லாத்தான் இருந்தாரு, டீ குடிச்சாரு, பேப்பர் பார்த்தாரு..." பாடம் ஒப்பிக்கிற குரல். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, காதோரமாகச் சொன்னார். எனக்கும் கேட்டது.

"ஏம்மா, தண்ணி கேட்டதை மொதல்லயே சொல்லிட்டீன்னா அப்புறம் சொல்றதுக்கு இன்னா இருக்குது? டீயில ஆரம்பிம்மா. தண்ணியைக் கடைசில வை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் கண்ணமங்கலத்திலிருந்து உறவுக்காரர்கள் மாலையோடு வந்துவிட்டார்கள். அந்த அம்மாள் டீயில் ஆரம்பித்தார். சர்க்கரை கம்மி என்று கணவர் முணுமுணுத்தது. பேப்பரைப் பார்த்து யாரையோ திட்டியது. சட்டைப் பொத்தான் போட்டுவிடச் சொன்னது. மெதுவாக, ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் கதையில் அந்த அம்மாள் கையில் தம்ளரோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. அந்த நேரம் வரை அழாத மனுஷி வெடித்து அழுதார். வீடே அழுதது. நானும் அழுதேன். அழுதுகொண்டே பார்க்கிறேன், அக்கா அவர் முதுகைத் தடவியபடி என் பக்கம் திரும்பி, பார்த்தீங்களா என்பது போல் தலையை ஆட்டுகிறார்.

அது நல்ல காரியமா, கெட்ட காரியமா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் கூட்டம் நடக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள், கரகரக்கும் மைக், ஓரத்தில் பவுடர் கலந்த பால். அங்கே பள்ளி வேன் ஓட்டும் ஒருவர் தன் சொந்தக் கதையைச் சொல்ல எழுந்தார்.

"முட்டி வலி இருந்துச்சுங்க. பவுடர் சாப்ட்டேன். போயிடுச்சுங்க." உட்கார்ந்துவிட்டார்.

"அது கிடக்கட்டும். கஷ்டம் எங்கங்க?" என்றார் அக்கா.

"வலிதாங்க்கா கஷ்டம்."

"வலி யாருக்குத்தான் இல்ல? இந்த மாடி ஏறினவங்க எல்லாருக்கும் இருக்குது. வலியால உனக்கு இன்னா போச்சு, அதைச் சொல்லு."

அக்கா விடவில்லை. வீட்டில் யார் யார், குழந்தை எந்தப் பள்ளி, பள்ளி எத்தனை மாடி என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் வந்தது. மகளின் பள்ளி ஆண்டு விழா மாடி ஹாலில் நடந்திருக்கிறது. இவரால் படி ஏற முடியவில்லை. கீழே வேனிலேயே உட்கார்ந்து, மேலே மகள் ஆடும் பாட்டை மட்டும் கேட்டிருக்கிறார். பாட்டு முடிந்ததும் தனியாக வேனுக்குள் கை தட்டியிருக்கிறார்.

பால் தம்ளரைக் கையில் எடுத்தவர்கள் குடிக்க மறந்தார்கள்.

"இதை உள்ள வெச்சிகினு முட்டி வலி முட்டி வலின்னு திரியறியேப்பா!" என்றார் அக்கா. அவர் குரலே கம்மியது. அது நடிப்பில்லை. நல்ல சரக்கு பாழாகிப் போகிறதே என்று உண்மையாகவே வருந்துகிறவரின் குரல். அன்று பவுடர் தீர்ந்துபோனது.

கீழே வந்ததும் வேன்காரரை விசாரித்தேன். வலி நின்றுவிட்டதா?

"எங்க சார்! அது அப்படியேதான் இருக்குது. ஆனா இப்ப சொல்றதுக்கு நல்லாருக்குது" என்றார்.

என் முறை வந்தது. என்னை எதிரில் உட்காரவைத்து அக்கா கேட்க ஆரம்பித்தார். நோய் உண்டா? இல்லை. அப்பா குடிப்பாரா? காபி மட்டும். காதல் தோல்வி? காதலித்தால்தானே தோற்க. சொத்துத் தகராறு? சொத்து இல்லை. படிப்பில் பெயில்? நன்றாகப் படித்தேன், அதனால்தான் நூலகரானேன். அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். என் வாழ்க்கையைப் பற்றி நானே அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"பேஜாரா இருக்குது சார் உங்களோட. ஒண்ணுமே நடக்கலியா உங்களுக்கு?" என்றவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார். "மாமியார் வீடு எது?"

"வெம்பாக்கம்."

"மச்சான் இருக்காரா?"

"ஒருத்தர். மனைவிக்கு அண்ணன்."

"அவர் கல்யாணத்துல எங்க உட்கார்ந்து சாப்ட்டீங்க?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. பலமுறை பெருமையாகச் சொன்ன கதை. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். வேலை பார்த்த அச்சகம் மூடிவிட்டதால் சும்மா இருந்தேன். மச்சான் கல்யாணத்தில் எனக்கு அப்படி ஒரு மரியாதை. முகூர்த்த நேரத்தில் பால் வாங்கிவர என்னைத்தான் அனுப்பினார்கள். வாங்கி வந்ததும் இன்னொரு தடவையும் அனுப்பினார்கள். பொறுப்பான ஆள் என்று என்னைத்தானே நம்பினார்கள்! பந்தி நேரத்தில் மச்சான் மாப்பிள்ளைக் கோலத்தோடு தானே வந்து, "மாப்ள, இங்க ஒரே கும்பலு. உங்களுக்குத் தனியா போட்டிருக்குது, வாங்க" என்று கையைப் பிடித்து மண்டபத்தின் ஸ்டோர் ரூமுக்கு அழைத்துப் போனார். அரிசி மூட்டைமேல் ஜமுக்காளம், எதிரில் பெஞ்சில் எனக்கு மட்டும் ஒரு இலை. எல்லாப் பதார்த்தமும் ஒரே நேரத்தில் வந்தது. இப்படி ஒரு மரியாதை வேறு எந்த மருமகனுக்குக் கிடைக்கும்?

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திறந்தபோது கண் பளபளத்தது.

"சார், மரியாதைன்னா முன்வரிசை இலை. மூட்டைமேல உட்கார வெச்சா அதுக்குப் பேரு வேற."

"இல்லைங்க, அவர் என்மேல ரொம்பப் பிரியம்..."

"இருக்கட்டும். நீங்க மேடையில இப்படிச் சொல்லுங்க. வேலை இல்லாத மருமகன். கல்யாண மண்டபம். எல்லாரும் பந்தியில. நீங்க மட்டும் மூட்டைமேல. சாம்பாரு வாசனை வருது, சிரிக்கிற சத்தம் வருது. உங்ககிட்ட யாருமே வரல. அன்னிக்கு முடிவு பண்ணீங்க, சொந்தக் கால்ல நிக்கணும்னு."

"அப்படி நான் ஒண்ணும் முடிவு பண்ணலையே. பாயசம் சாப்பிட்டேன்."

"பாயசத்தை எடுத்துடுங்க."

எடுத்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே சொன்னேன். யாரையும் குறை சொல்லவில்லை, நடந்த சம்பவத்தைக் கொஞ்சம் திருப்பிப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொல்லி முடித்ததும் கைதட்டல். முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்தார். நான் எழுதிய எதற்கும் யாரும் கைதட்டியதில்லை. அழுதவர்கள் உண்டு, எல்லோரும் மெய்ப்புப் பார்த்தவர்கள். அந்தக் கைதட்டல் போதை மாதிரி ஏறிவிட்டது. கண்ணமங்கலம் கூட்டத்தில் மூட்டையைக் கிழிந்த மூட்டையாக்கினேன். தெள்ளாரில் ஒரு எலியையும் சேர்த்துக்கொண்டேன்.

தெள்ளார் பேச்சை யாரோ படம் பிடித்து, பின்னால் வயலின் சேர்த்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். எலி வரும் இடத்தில் வயலின் உயிரைக் கொடுத்து அழுதது.

அந்தச் சமயம் எங்கள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை கொடுத்துக்கொண்டிருந்தோம். தாய்மாமன் சீர் எடுத்து வந்து, மாலை போட்டு, பெண்ணைக் கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்து வர வேண்டும். என் மனைவிக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது அந்த அண்ணன் ஒருவர்தான். ஒரு நாள் நான் நூலகத்திலிருந்து வந்தபோது அவள் போனை என் மடியில் போட்டாள். எலி ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாங்க இது?"

"அது... ஒரு பயிற்சிக்காக..."

"எங்கண்ணன் போனை எடுக்க மாட்டேங்குது. அண்ணி எடுத்து, 'அவுரு யார்கிட்டயும் பேசல, ரூமுக்குள்ள உக்காந்துகினு இருக்காரு'ன்னுது. மாமன் மாலை போடாம எம்பொண்ணு மேடை ஏறணுமா? அதுக்குத்தான் எலியைப் புடிச்சிகினு வந்தீங்களா?"

கோல்டு அக்காவிடம் ஓடினேன். அவர் ஏற்கெனவே வீடியோவைப் பார்த்திருந்தார். "எலி நான் சொல்லவேயில்லியே சார்! சூப்பரா இருக்குது" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். விஷயத்தைச் சொன்னேன். உடனே கைப்பையை எடுத்தார்.

"ஜல்தி கிளம்புங்க. நான் வந்து சொல்றேன்."

வெம்பாக்கத்தில் மச்சான் கூடத்தில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். வாங்க என்று சொல்லவில்லை. அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் தொண்டையைச் செருமினேன். அக்கா என்னை முந்திக்கொண்டார்.

"அண்ணே, அந்தக் கதை நான் கட்டிக் குடுத்ததுங்க. சார் உங்களைப் பத்தி பெருமையாத்தான் சொன்னாரு, தனியா இலை போட்டு மரியாதை பண்ணீங்கன்னு. நான்தான் மாத்திட்டேன். எலியும் பொய்யி. அவர் மேல கோவப்படாதீங்க."

நான் அவரை அறிந்த வரையில், மடிப்பு வைக்காமல், கரையைத் தடவாமல், அக்கா நேரடியாக ஒன்றைச் சொன்னது அன்றுதான்.

மச்சான் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"பொய்யில்லம்மா. நெசந்தான்."

எனக்குப் புரியவில்லை.

"மாப்ளக்கி அப்ப வேலை போயிடுச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க பெரிய எடம், பட்டு யாவாரம். 'தங்கச்சி வூட்டுக்காரர் இன்னா பண்றாரு'ன்னு கேட்டாங்க. எங்கப்பா சட்டுனு, துபாய்ல இருக்காருன்னு சொல்லிட்டாரு. கல்யாணத்தன்னிக்கு இவரு காலையிலயே வந்து நிக்கிறாரு. பால் வாங்க அனுப்பினோம். ஓடிப் போய் ஓடி வந்துட்டாரு. மறுபடியும் அனுப்பினோம். அதுக்கும் ஓடி வந்துட்டாரு. பந்தி நேரத்துல பொண்ணோட பெரியப்பா எல்லாரையும் விசாரிச்சிகினு வர்றாரு. எங்கப்பா கண்ணைக் காட்டினாரு. நான்தான் கூட்டிகினு போய் ஸ்டோர் ரூம்ல உட்கார வெச்சேன்." அவர் குரல் உடைந்தது. "வெளிய தாழ்ப்பா போட்டதும் நான்தான்."

தாழ்ப்பாள்.

எனக்கு நினைவிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தேன். கதவு திறக்கவில்லை. மழைக்கு மரம் உப்பியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அங்கேயே டிரம்மில் கையைக் கழுவிவிட்டு, முந்திரிப்பருப்பு கட்டி வந்த பழைய செய்தித்தாள்களைப் படித்துக்கொண்டிருந்தேன். நல்ல தலையங்கம் ஒன்றுகூட இருந்தது. இத்தனை வருடமாக, உலகத்தைக் கூர்ந்து கவனித்து நாலு பேர் சிரிக்க எழுதுகிறவன் என்று என்னைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பூட்டி வைத்தது எனக்குத் தெரியவில்லை.

"வீடியோ பார்த்ததும் இவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குது, மனசுலயே வெச்சிகினு இருந்திருக்காருன்னு..." மச்சான் முகத்தை மூடிக்கொண்டார். "எந்த மூஞ்சியை வெச்சிகினு போனை எடுக்கறது?"

அப்போது உள்ளிருந்து அவர் மனைவி வாசற்படிக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அப்ப நீங்க துபாய்ல இல்லியாண்ணா?"

கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மாளும் அவர் வீட்டாரும் என்னை எப்போது பார்த்தாலும் "எப்ப வந்தீங்க, எப்பப் போறீங்க" என்று கேட்பார்கள். ஆரணியிலிருந்து வெம்பாக்கம் வருவதற்கு எதற்கு இத்தனை விசாரிப்பு என்று நினைத்து, "காலைலதான், சாயங்காலம் கிளம்பிடுவேன்" என்று சொல்லி வந்திருக்கிறேன்.

அக்காதான் மிக மெதுவாகக் கேட்டார்.

"தாழ்ப்பாளை யாருங்க தொறந்தது?"

மச்சான் கையை எடுத்தார். "தங்கச்சிதான். அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. என்னை ஒரு வார்த்தை கேக்கல. ஒரு பார்வை பார்த்தா. அதுக்கப்புறம் தொறந்தா."

அவள் கதவைத் திறந்தபோது கண் சிவந்திருந்தது. கல்யாணச் சமையல் நடக்கும் கோட்டையடுப்பின் புகை என்று நான் அப்போது சொன்னேன். ஆமாம் என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். இத்தனை கூட்டங்களில் எல்லோரையும் பேசவைத்தவர், தன் சொந்தக் கதையை ஒரு தடவைகூட மேடையில் சொன்னதில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. கேட்டுவிட்டேன்.

"உங்க கஷ்டம் எங்கக்கா?"

அவர் திரும்பவில்லை.

"என்னுது விக்காது சார்."

"ஏன்?"

"ஒரே ஒரு தடவை சொன்னேன். சின்ன கூட்டம்தான். பாதியிலயே எழுந்து போயிட்டாங்க. கஷ்டம்னா கேக்கறவங்க தாங்கற அளவுக்கு இருக்கணுங்க." ஈரக் கைக்குட்டையைப் பிரித்து முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார், அல்லது தூங்குவது போல் இருந்தார். அதற்கு மேல் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. யாரையும் உட்காரவைத்து வயலின் வரை கொண்டுபோகிற மனுஷி, தனக்கென்று ஒன்றையும் விரித்துக் காட்டாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது என்னை ஆரணி வரும் வரை என்னவோ செய்தது.

வீட்டில் மனைவி புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் போன் செய்துவிட்டார், வருகிறார் என்றாள். முகம் தெளிந்திருந்தது. நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"தாழ்ப்பாள் விஷயம் உனக்குத் தெரியுமா?"

ஊசி நின்றது. பிறகு ஓடியது.

"நான்தானே தொறந்தேன்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க அவ்ளோ சந்தோஷமா சொல்லிகினு இருந்தீங்க, மரியாதை பண்ணாங்கன்னு. அதைக் கெடுப்பானேன்?" நூலைப் பல்லால் கடித்தாள். "அதுவும் இல்லாம, தெரிஞ்சா நீங்க எழுதிடுவீங்க."

கல்யாணத்துக்கு மச்சான் மேளத்தோடு சீர் எடுத்து வந்தார். மகளுக்கு மாலை போட்டவர் கையை எடுக்காமல் நின்றார். மகள் மாமனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். என் மனைவி தூணுக்குப் பக்கத்தில் நின்று அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள், முகூர்த்தத்தைக்கூட அவள் சரியாகப் பார்க்கவில்லை. பந்தியில் மச்சான் என்னை முன்வரிசையில் முதல் இலையில் உட்காரவைத்து, பக்கத்திலேயே கைகட்டி நின்றார். நான் ஒவ்வொரு கவளம் எடுக்கும்போதும் அவர் கண் கலங்கியது. பாயசத்தை நிம்மதியாகக் குடிக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் ஸ்டோர் ரூமில் இதைவிட நன்றாகச் சாப்பிட்டேன்.

கோல்டு அக்காவும் வந்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அவரும் மச்சானும் ஒரு ஓரமாக நாற்காலி போட்டு வெகு நேரம் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சமாதானம் சொல்கிறார் என்று நினைத்தேன். நான் நினைத்ததில் எது சரியாக இருந்திருக்கிறது?

கொஞ்ச நாள் கழித்து ஜவுளிக்கடை மாடிக் கூட்டத்துக்குப் போனேன். மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மச்சான். மாப்பிள்ளைக் கோலத்தில் ஆரம்பித்தார். பால் வாங்கப் போனதைச் சொன்னார். கூட்டம் சிரித்தது. இலை போட்டதைச் சொன்னார். துபாயைச் சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தார். முன்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி தாங்காமல், "அப்புறம் இன்னா ஆச்சுங்க?" என்று கேட்டார். அப்போதுதான் தாழ்ப்பாளைப் போட்டார். பிறகு தங்கை வந்து நிற்கிறாள். பார்க்கிறாள். அவர் அழவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. கூட்டம் எழுந்து நின்று தட்டியது. எனக்கு ஒரு நாளும் எழுந்து நின்றதில்லை. கடைசி வரிசையில் எனக்கும் கண்ணீர் வந்தது. அதைத் துடைக்கும்போதுதான் அது என்னுடைய கதை என்பது ஞாபகம் வந்தது.

படி இறங்கும்போது அக்காவை மறித்தேன்.

"என்னக்கா இது? என் கதையை எடுத்து அவருக்குக் குடுத்துட்டீங்க!"

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது உங்க கதை எப்படிங்க சார் ஆவும்? தாழ்ப்பா போட்டது அவரு, தொறந்தது உங்க வூட்டம்மா. நீங்க உள்ள உக்காந்து சாப்ட்டுகினு இருந்தீங்க, அவ்ளோதான்."